அந்தச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

மான்செஸ்டர் ஆன்கோட்ஸில், பழைய பஞ்சாலையைக் குடியிருப்பாக்கிய கட்டடத்தில் வாங்கிய ஃப்ளாட்டின் சுவர் ஓதம் பிடித்து உதிர்கிறது, சிமெண்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

1798-இல் எழுந்த மர்ரே ஆலை போன்ற அப்பகுதிப் பழைய ஆலைகள் தடித்த செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. மழையில் குடித்த ஈரத்தை அந்தச் சாந்து வழியாகத்தான் சுவர் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும். சுவருக்குள் செருகிய மர உத்தரம் இருந்தால் அதன் முனையும் மக்கும். எவ்வளவு அருமையான சுவர், பாழாக்க மனசு வருமா?

முதலில் வெளியே பாருங்கள்: மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, செங்கல் இடுக்கில் முன்பே யாராவது சிமெண்ட் அடைத்தார்களா? பல நேரம் காரணம் அங்கேதான். அப்புறம், ஃப்ளாட் லீஸ்ஹோல்டு, அதாவது நீண்ட காலக் குத்தகையில் வாங்கியது என்றால், வெளிச்சுவர் பொதுவாக ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரிமையாளர், பொறுப்பு. பத்திரத்தைப் பார்த்து, படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது இங்கிலாந்தில் குற்றம். உள்சுவருக்கும் அது பொருந்தும். கசிவு நின்று சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சே பூசச் சொல்லுங்கள்.