பாராலீகல் படிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. பி.காம். முடித்துவிட்டு ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அக்கா கணவர் சாலை விபத்தில் இறந்தபோது அந்த வழக்குக்கான காகிதங்களுக்கெல்லாம் நான்தான் அலைந்தேன். "பேசாம என் ஆபீசுக்கே வேலைக்கு வந்துடும்மா" என்றார் வக்கீல். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. இப்போது பாராலீகல் டிப்ளமா என்று ஆன்லைனில் ஒரு ஆறு மாதப் படிப்பைப் பார்த்தேன். கட்டணம் 35,000 ரூபாய். முடித்தால் கோர்ட்டில் வேலை என்கிறார்கள். சேரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணம் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வக்கீல்களுக்குத் துணையாகச் சட்ட வேலை பார்ப்பவரைத்தான் பாராலீகல் என்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகல்களுக்கு உரிமம் தருகிறார்கள். படித்து, தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் சிறுதொகை வழக்குகளிலும் வாடகைத் தகராறுகளிலும் தானே ஆஜராகி வாதாடலாம். நம் நாட்டில் அப்படி ஓர் உரிமமே கிடையாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞர்தான் வாதாடுவதைத் தொழிலாகச் செய்யலாம். சென்னையில் கம்பெனி ஒப்பந்தங்களைப் பார்க்கும் அலுவலகங்களில், ஆங்கிலத்தில் சரளமாக எழுத வந்தால், இந்த டிப்ளமாவுக்கு ஓரளவு மதிப்பு இருக்கலாம். ஆரணி கோர்ட்டில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. 'முடித்தால் கோர்ட்டில் வேலை' என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

ஆனால் வக்கீலுக்குத் துணையாக இருக்கும் வேலை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. வக்கீல் குமாஸ்தா செய்வது அதைத்தான். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, கோர்ட் ஃபீ கணக்கிடுவது, நகலுக்கு மனுப்போடுவது, வாய்தா டைரியைப் பார்த்துக்கொள்வது, குறை சொல்லி கோர்ட் திருப்பிய மனுவைச் சரிசெய்து கெடுவுக்குள் திரும்பப் போடுவது. இப்போது மனுக்களை ஆன்லைனில் தாக்கல் செய்யும் ஈ-ஃபைலிங்கும் சேர்ந்துகொண்டது. சில வருடம் வக்கீல் ஆபீசில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், நல்ல குமாஸ்தா இல்லாத சீனியரின் பாடு திண்டாட்டம்தான்.

நீங்கள் அலைந்த விபத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளர் அறிக்கை, வாரிசுச் சான்று, சம்பளச் சான்று எல்லாம் சேர்த்திருப்பீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'வயது சுமார் 42' என்று இருக்கிறது, பள்ளி மாற்றுச் சான்றிதழின்படி 39தான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் தனியாரிடம் மாதம் 20,000 நிலைச் சம்பளம் வாங்கியவர், அவரை நம்பி நான்கு பேர். பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இப்படிப்பட்டவருக்கு இழப்பீடு கணக்கிடும்போது, 40 வயதுக்குள் என்றால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 40க்கு மேல் 50 வரை 25 சதவீதம்தான். சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிப்பார்கள். பிறகு மீதியுள்ள ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் பெருக்கி: 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பில் 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14. போட்டுப் பாருங்கள். 39 வயதுக்கு 37,80,000 ரூபாய் வருகிறது, 42 வயதுக்கு 31,50,000. பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டி.சி.யைத் தேடி எடுக்கச் சொல்கிற ஆள் ஆபீசில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். கணக்கு எழுதிப் பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை.

அதனால் வக்கீல் சொன்னதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். நேரில் போய்ச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆரம்பத்தில் கடைச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் சொல்வார். பெண் குமாஸ்தாக்கள் குறைவு, வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் முதலில் உங்களைத் தட்டச்சு செய்பவர் என்றே நினைப்பார்கள்.

கடையை விட மனமில்லை என்றால் இன்னொரு வழி. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறது. உங்கள் படிப்பு தாராளமாகப் போதும். சிறையில் நன்னடத்தையுள்ள நீண்டகாலக் கைதிகள்கூட இதைச் செய்கிறார்கள். பணிசெய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, மாதச் சம்பளம் கிடையாது. கட்சிக்காரரிடம் காசு வாங்கக் கூடாது. இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பதே நம்மூரில் பல பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் எடுத்துச் சொல்வதுதான் வேலை. அறிவிப்பு எப்போது வரும் என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஓரிரு வருடம் இப்படி ஓட்டிப் பார்த்தபிறகும் ஆசை குறையவில்லை என்றால் மூன்றாண்டு எல்.எல்.பி.யை யோசியுங்கள். பி.காமில் 45 சதவீதம் இருக்கிறதா, பட்டியலினத்தவர் என்றால் 40 இருக்கிறதா என்று மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். தபால் வழியில் எல்.எல்.பி. தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் அதை ஏற்பதில்லை. கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும், கடை வேலை அப்போது நிச்சயம் போய்விடும். வீட்டில் அதைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிடுங்கள்.