ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் உடம்பு முழுக்க வலி. எந்த டாக்டரைப் பார்ப்பது?

ரூமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள், அதாவது மூட்டு, தசை வலிகளையும் வாத நோய்களையும் பார்க்கும் டாக்டர். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு.

கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி சுற்றிக்கொண்டே இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, வீட்டில் யாரும் நம்புவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பெண், வீட்டு வேலையும் உங்கள் தலையில்தான் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தால் கோபிக்க வேண்டாம், ஆண்களுக்கும் வருகிறது.

நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் தோள்பட்டை எரியும். மாலையில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் லேசாக இடித்தால்கூட உயிர் போகும். எலும்பு டாக்டர் எம்ஆர்ஐ எடுத்து, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார். பெல்ட் போட்டால் முழங்கை வலி எப்படிப் போகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பொது மருத்துவர் வைட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு முறை சாப்பிட 60,000 யூனிட் கொடுத்தார். அளவு ஏறியது, வலி இறங்கவில்லை. அடுத்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மேடம், டென்ஷன் ஆகாதீங்க, நல்லா சாப்பிடுங்க" என்றார். இதை என் மாமியார் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து வீட்டில் என் வலிக்குப் பெயர் 'டென்ஷன்'.

ரூமட்டாலஜிஸ்ட் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. காலையில் எழுந்தால் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறதா, சொல்ல வந்த வார்த்தை நடுவில் மறந்துபோகிறதா, தலைவலி, வயிற்று வலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு கடந்த ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று உடம்பில் 19 இடங்களைச் சொல்லிக் குறித்துக்கொண்டார். வலித்த இடத்துக்கு ஒன்று வீதம் அதற்கு 19-க்கு ஒரு மதிப்பெண், தூக்கம், சோர்வு, மறதி போன்றவற்றுக்கு 12-க்கு ஒரு மதிப்பெண். முதலாவதில் குறைந்தது 7, இரண்டாவதில் குறைந்தது 5 வந்து, மூன்று மாதமாவது நீடித்திருந்தால் ஃபைப்ரோமயால்ஜியாவாக (உடம்பு முழுக்க வலி, சோர்வு, தூக்கக் குறைவு தரும் நோய்) இருக்கலாம். (வலி இடங்கள் குறைவாக இருந்து மற்றது 9 அல்லது அதற்கு மேல் போனாலும் உண்டு.) கணக்கு டீச்சருக்கு மார்க் போட்டு வியாதி சொன்ன முதல் டாக்டர் அவர்தான்! 1990 முறைப்படி 18 இடங்களில் விரலால் அழுத்தி, 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்ப்பார்களாம். இப்போது அது கட்டாயம் இல்லை.

இதை ரத்தத்தில் கண்டுபிடிக்க டெஸ்ட் கிடையாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை), தைராய்டு எல்லாம் எடுப்பது வேறு வியாதி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். நரம்பும் மூளையும் வலியின் வால்யூமைக் கூட்டி வைத்திருக்கின்றன என்று அவர் விளக்கியபோது என் கணவர் பக்கத்தில் இருந்தார். போகும்போது வீட்டு ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் நூறு தடவை சொன்னதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் நம்புகிறார்கள். அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது.

மூட்டு வீங்கினாலோ, காலையில் விரல் மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, காய்ச்சல், எடை குறைவு இருந்தாலோ நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் சீக்கிரம் போய்விடுங்கள். அது முடக்குவாதம் போல வேறாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டுக் கொடுக்கும் கலர் கலர் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டு உதவாது.

ஆங்கில மருத்துவத்துக்கு விளம்பரம் என்று கமெண்ட் போட ஆள் வருவார்கள். எண்ணெய்க் குளியலை நான் குறை சொல்லவில்லை, ஞாயிறு ஞாயிறு நானும் குளிக்கிறேன், அன்று மட்டும் சுகம். முழுக்கக் குணமாகிவிட்டது என்று நானும் சொல்லவில்லை. இரவில் ஒரு மாத்திரை, வாய் வறண்டுபோகும், ஆனால் தூக்கம் வருகிறது. மற்றபடி தினமும் நடை. முதலில் பத்து நிமிடம், மெதுவாகக் கூட்டச் சொன்னார். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் பரிந்துரையிலும் உறுதியாகச் சொல்லியிருப்பது உடற்பயிற்சியை மட்டும்தான். நல்லா இருக்கும் நாளில் எல்லாத் துணியையும் துவைத்துப்போட்டால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடை சரி, நிற்பதற்கு என்ன செய்ய? எங்கள் பள்ளியில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்தவில்லை என்று அர்த்தமாம். துணிக்கடை போன்ற கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளாவில் 2018-லும் இங்கே 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல விஷயம். பி.எட். படித்த எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடச் சட்டமன்றம் கூட வேண்டுமா? டாக்டர் சீட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க மிஸ்" என்றார்கள். கேட்கட்டுமே!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். செலவு பயமாக இருந்தால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரூமட்டாலஜிக்கென்று தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி இரண்டிலும் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தேதி வாரியாக அடுக்கி, எங்கே, எப்போது, என்ன செய்தால் வலி கூடுகிறது என்று அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.

கமெண்டில் மாத்திரை பெயரும் டோஸும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.