பத்தாண்டு ஓடிய டீசல் டஸ்டரை வாங்கலாமா? என்னென்ன பழுது வரும், எவ்வளவு செலவாகும்?

2014ஆம் ஆண்டுப் பதிவு, ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடிய ரெனோ நிறுவனத்தின் டீசல் டஸ்டர் கார் ஒன்று மூன்றரை லட்சம் ரூபாய்க்கு வருகிறது, வாங்கினால் பராமரிப்பு கையைக் கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வண்டியின் 85 குதிரைத்திறன் வகையைப் பழைய வண்டியாக வாங்கிச் சில ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்கலாம். ஆனால் வண்டி விலைக்கு மேல் இன்னும் ஒரு லட்சம் ரூபாயைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை), கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்கள் (குலுக்கலைத் தாங்கும் ரப்பர் இணைப்புகள்), டயர், பேட்டரி என்று பெரிய செலவு வைக்கும் வேலைகள் எல்லாம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். விற்பவர்களில் பலர் அந்தக் கட்டத்தின் வாசலில்தான் வண்டியைக் கைமாற்றுகிறார்கள். ஆகவே 90,000 ஓடி எந்த வேலையும் பார்க்கப்படாத வண்டியைவிட, 1,30,000 ஓடி இவ்வேலைகளை ரசீதோடு முடித்து வைத்திருக்கும் வண்டிக்கு அரை லட்சம் கூடுதலாகக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எஞ்சின். 2012இல் டஸ்டர் இங்கே அறிமுகமானபோதிலிருந்து டீசலில் இருந்தது 1461 சிசி கொண்ட ஒரே எஞ்சின்தான். அதுவே 85, 110 என்று இரண்டு திறன்களில் வந்தது. மகிந்திரா வெரிட்டோ, நிசான் சன்னி, டெரானோ ஆகியவற்றின் டீசல் வகைகளிலும் இதே குடும்பத்து எஞ்சின் இருந்ததால், பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளும் எஞ்சின் உதிரிபாகங்களும் கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த 2020இல் டீசல் டஸ்டர் நின்றது. 2022இல் ஒரகடம் ஆலையில் அந்தத் தலைமுறை டஸ்டரின் உற்பத்தியே முடிந்தது. அதனால் தட்டுப்பாடு தெரிவது எஞ்சினில் அல்ல. ஹெட்லைட், பம்பர், உட்புறப் பிளாஸ்டிக் போன்றவற்றில்தான். ஓரம் உடைந்த விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், பேரம் பேசும்போதே அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட்டை. இந்த எஞ்சினில் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும், எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் நிலை வரும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து இன்னும் நேரம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. மூடிக்குள் இருப்பதால் பானட்டைத் திறந்து பார்த்து அதன் நிலையை அறிய முடியாது. மாற்றிவிட்டேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், தேதியும் கிலோமீட்டரும் உள்ள ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரிக்கும் கூலி ஒன்றுதான். வெளிக் கடையில் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக ஆகும். நானும் வண்டியை வாங்கியவுடன் முதலில் செய்த வேலை இதுதான்.

அடுத்தது கிளட்ச். இங்கேதான் 85க்கும் 110க்கும் இடையிலான வேறுபாடு உங்கள் பணப்பையில் தெரியும். ஆறு கியர் கொண்ட 110 வகையில் இரட்டை நிறை ஃப்ளைவீல் இருக்கிறது. எஞ்சின் அதிர்வைக் கியர்பெட்டிக்குக் கடத்தாமல் உள்வாங்குவதற்காக, நடுவே சுருள்வில்கள் வைத்து இரு துண்டுகளாகச் செய்யப்பட்ட, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் அது. ஓட்டுவதற்கு இதமாக இருக்கும், தேய்ந்தால் செலவு பெரிது. கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ஃப்ளைவீல், கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் உருளை எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் அரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். பார்க்கப் போகும்போது வானொலியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுக் கிளட்சை மெதுவாக மிதித்து, மெதுவாக விடுங்கள். கடகடவென்ற ஒலி மாறி மாறி வந்தாலோ, சாவியைத் திருப்பி நிறுத்தும் நொடியில் அடியிலிருந்து உலோகம் தட்டுவதுபோல் கேட்டாலோ, அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் 110 நிச்சயம் இன்பமான வண்டி. மாதச் சம்பளத்தில் பராமரிக்கிறவருக்கு நான் 85ஐத்தான் பரிந்துரைப்பேன்.

ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவும் கனெக்டிங் ராட் பேரிங்குகளும் சீக்கிரம் தேயும். ஆகவே சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முழு ஆண்டு விடுபட்டிருந்தால் நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன். நகருக்குள் மட்டுமே ஓடிய டீசலில், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து அடைத்துக்கொள்வதும் இழுவை குறைவதும் சகஜம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். நம்மூரில் அவசரத்துக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தொட்டிக்குள் செந்நிறக் கறை இருந்தால் ரேடியேட்டரும் ஹீட்டர் குழாய்களும் துருவும் உப்பும் படிந்து கிடக்கலாம் என்று பொருள். சஸ்பென்ஷன் இந்த வண்டியின் பலம். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் ஆகியவை வயதானால் மாற்றத்தான் வேண்டும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

சென்னையில் வாங்குவதாக இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்ப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய வண்டிகள் துடைத்து, மெருகேற்றிச் சந்தைக்கு வந்திருக்கின்றன. நான் பார்க்கப் போன வேறொரு வண்டியில் இருக்கைகள் புதிதுபோல் இருந்தன. ஆனால் பின் இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, சுருளின் உள்பகுதியில் கோடு கிழித்ததுபோல் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. நீங்களும் எல்லா பெல்ட்டுகளையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், கால்விரிப்புக்குக் கீழுள்ள இருக்கை போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீர் புகுந்த ஒயரிங் எப்போது எங்கே காலை வாரும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

ஆண்டுச் செலவு என்று பார்த்தால், பெரிய வேலைகள் முடிந்த வண்டிக்கு ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. நான்கு டயர்களையும் சேர்த்து மாற்றும் ஆண்டில் முப்பதாயிரம் கூடும். காப்பீட்டில் ஒரு சாதகம் உண்டு: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வரி நீங்கலாக 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897 ரூபாய். இந்த எஞ்சின் 1461 சிசி என்பதால், 2.2 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய ஸ்கார்பியோ, சஃபாரி ஆகியவற்றுக்குக் கட்டுவதில் பாதிக்கும் குறைவாகவே கட்டுவீர்கள். ஆனால் விற்பவர் சேர்த்து வைத்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது வண்டிக்கு உரியதல்ல, அவருக்கு உரியது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று டெல்லி வண்டியைத் தேடிப் போக வேண்டாம். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்ததால்தான் அவை மலிவாக வெளியேறின. தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிப் பதிவெண் மாற்றி முடிக்கும்போது அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்குப் பதிவுச் சான்று 2029இல் முடிகிறது. அதன்பின் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. வங்கிக் கடன் பதிவு ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் வாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.