பிரசங்க பீடத்துக்கு எவ்வளவு அதிகாரம்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிரசங்க பீடம் வேதத்திலேயே உள்ளதா, இல்லை பிற்காலத்து வழக்கமா?

பதில்: நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது பிரதர். மரத்தால் செய்த பீடத்தின்மேல் வேதபாரகனாகிய எஸ்றா நின்று, எல்லாரும் பார்க்கப் புஸ்தகத்தைத் திறந்தார். உயரம் பேசுகிறவருக்காக அல்ல, புஸ்தகத்துக்காகத்தான். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்து முடித்ததும் உட்கார்ந்துகொண்டுதானே பேசினார் (லூக்கா 4:20).

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பீடம் ஓரமாக இருக்கிறது, தோழியின் சபையில் நட்டநடுவில். ஏன்?

பதில்: ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) வழிவந்த ஆலயங்களில் பெரும்பாலும் ஆல்டர், அதாவது நற்கருணை மேசை, நடுவில், பிரசங்க பீடம் பக்கத்தில். வசனம் கேட்பதுதான் ஆராதனையின் மையம் என்ற சீர்திருத்த சபைகள் பல அதை நடுவுக்குக் கொண்டுவந்தன. ஜெர்மனியில் தோர்காவ் கோட்டை ஆலயத்தை 1544-ல் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் பிரதிஷ்டை செய்தார், அங்கே பீடம் பக்கச் சுவரின் நடுவில், ஜனங்களுக்கு மத்தியில் நிற்கிறது. பழைய பீடங்களுக்கு மேலே குடை மாதிரி ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். மைக் இல்லாத காலத்தில் குரல் கூரைக்குப் போய்விடாமல் ஜனங்கள் பக்கம் திருப்பிவிட்டது அதுதான்.

கேள்வி: எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைத் திட்டினார். கேட்கப் போனால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: சிஸ்டர், அந்த வசனத்தை இப்படி எடுத்து வீசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. சங்கீதம் 105-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம் கொஞ்சம் பேராக, பரதேசிகளாக அலைந்த காலம் அது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களைக் கர்த்தர் கடிந்துகொண்டார். பலமுள்ளவனுக்குச் சொன்ன எச்சரிக்கையை எடுத்து, கேள்வி கேட்கும் விசுவாசியின் வாயை அடைப்பது எப்படி நியாயம்? பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது.

இன்னொன்று. 1538-ல் ஜெனீவா நகரம் அங்கே பிரசங்கித்துவந்த சீர்திருத்தவாதி கால்வினை வெளியேற்றியது. 1541-ல் திரும்ப அழைத்தபோது அவர் பீடத்தில் ஏறி, விரட்டியவர்களைப் பற்றிப் பேசாமல், விட்ட இடத்துக்கு அடுத்த வேதபகுதியை எடுத்துப் பிரசங்கித்தார். சொந்தக் கணக்கைத் தீர்க்க அந்த இடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் தனியே போய்ப் பேசுங்கள், கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பீடத்திலிருந்து ஓட்டு கேட்கலாமா?

பதில்: கூடாது. ஆனால் அநியாயத்தைக் கண்டித்துப் பேசலாம், பேசியே ஆகவேண்டும், ஆமோஸ் தீர்க்கதரிசி பேசவில்லையா? அப்படிப் பேசுவதை அடக்க ஜெர்மனியில் 1871-ல் பிஸ்மார்க் ஆட்சியில், பொது அமைதி கெடும்படி பீடத்திலிருந்து அரசு விவகாரம் பேசும் குருமாருக்கு 2 வருடம்வரை சிறை என்று சட்டமே போட்டார்கள்.

கேள்வி: பெண்கள் பீடத்தில் ஏறலாமா அங்கிள்?

பதில்: சபைக்குச் சபை மாறும்மா. கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும்தான். சி.எஸ்.ஐ.-யில் (தென்னிந்தியத் திருச்சபை) பெண் ஆயர்கள் உண்டு, 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண் பேராயரே வந்துவிட்டார். நான் அவர்கள் பக்கம்தான், உயிர்த்தெழுதலின் செய்தியை சீஷருக்கு முதலில் சொன்னது மகதலேனா மரியாள்தானே.