முகாமுக்கு யார் வரவில்லை?

ஊர் அளவிலான சுகாதாரப் பணிகளுக்கு நிதி திரட்டுவது பற்றி வேலூர் மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல வருடம் இப்படிப்பட்ட விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவன் நான். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தும் பார்த்துவிட்டேன். பதில்களில் கொஞ்சம் கறார் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாங்கள். சுய உதவிக்குழு இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் பார்க்க முகாம் நடத்த ஒரு கம்பெனியிடம் மூன்று லட்சம் கேட்கலாமா ஐயா?

கேட்கலாம் அம்மா. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீடு தேடி வந்து பார்த்து மாத்திரை கொடுக்க 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. அரசு இலவசமாகச் செய்வதையே நீங்களும் கேட்டால், விண்ணப்பத்தைப் படிக்கிறவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். அந்தத் திட்டத்தில் உங்கள் தெருவில் யார் விட்டுப்போனார்கள் என்று முதலில் பாருங்கள். வீடுவீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதினால் இரண்டு நாள் வேலை.

நான் பட்டதைச் சொல்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு முகாம் நடத்தினோம். கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபம், ஃபேன், டீ, வடை, எல்லாம் அமர்க்களம். நானூறு பேருக்கு மேல் பதிவு. நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்பிப் பாராட்டும் வாங்கியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நர்சம்மா கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டினோம். ஒருவர்கூட இல்லை. அந்த மண்டபத்துக்குள் அவர்கள் கால் வைத்ததே கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எங்களைத் தவிர. பீடிக்காரப் பெண்களும் வரவில்லை. போய்க் கேட்டதற்கு ஒரு பாட்டி சொன்னது: "எங்க சார் வர்றது, ஒரு நாள் கூலி பூடுமே."

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவருக்குக் காலை பத்து மணி முகாம் இலவச முகாம் இல்லை. சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டி ஏஜென்ட்டிடம் போட்டு வந்த பிறகு, சாயங்காலம், அவர்கள் தெருவிலேயே வையுங்கள். புகையிலைத் தூளால் வரும் விடாத இருமல், குனிந்தே உட்கார்ந்து வரும் இடுப்பு வலி, கண் மங்கல் என்று உங்கள் தொழிலுக்கு உரியதைக் கேளுங்கள். பட்ஜெட்டில் 'வருமான இழப்பு ஈடு' என்று ஒரு வரி போட வெட்கப்படாதீர்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் காலத்திலேயே குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் நின்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். நோயாளி இருக்குமிடத்துக்கு வைத்தியர் போவது நம் ஊருக்குப் புதுசில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், சுய உதவிக்குழுவுக்கு நேரடியாக வராது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ இருக்க வேண்டும், அதற்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும் வேண்டும், மூன்று வருட அனுபவம் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். இதற்காகப் புதிதாக அறக்கட்டளை ஆரம்பித்து மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். இவையெல்லாம் உள்ள ஓர் அமைப்போடு சேருங்கள். யார் எதைச் செய்வது, யார் கையில் எவ்வளவு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சுகாதாரக் குழுவுக்கு வரும் பத்தாயிரம் ரூபாயை பிளீச்சிங் பவுடர் வாங்கியே தீர்த்துவிடுகிறார்கள். வார்டு உறுப்பினரான என்னைக் கேட்பதே இல்லை. — கே.வி. குப்பம் ஒன்றியம்

அது வருடத்துக்குப் பத்தாயிரம் என்று வரும் கட்டற்ற நிதி. கட்டற்ற என்றால் எந்தத் தலைப்பில் செலவு என்பதைக் குழு முடிவு செய்யலாம் என்று அர்த்தம், குழுவைக் கேட்காமல் செலவு செய்யலாம் என்று இல்லை. கூட்டத்தில் தீர்மானம் இருக்க வேண்டும், பணம் கூட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் செலவு கூடாது என்பது பொது விதி. ஆனால் ஆதரவற்ற பெண்ணையோ, மிக ஏழையான குடும்பத்தையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் பணத்தைத் தொடலாம் என்று வழிகாட்டியிலேயே இடம் உண்டு. இது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அடுத்த கிராம சபையில் செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — எது முந்தி வருகிறதோ அது.

பீஞ்சமந்தை மலைப்பக்கம் எங்கள் ஊர். நோயாளியை டோலி கட்டித்தான் இறக்குகிறோம். ஜீப் ஆம்புலன்ஸ் வாங்கித் தர யாரை அணுகலாம்?

தம்பி, ஜீப் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். சாவி கொடுக்கும் போட்டோ நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்சி, மலைப்பாதையில் வருடம் ஒரு செட் டயர். இவற்றுக்குக் கொடுக்க ஒருவரும் வர மாட்டார்கள். மூன்றாம் வருடம் ஜீப் செங்கல் மேல் நிற்கும். எனவே வண்டி கேட்டால் மூன்று வருட ஓட்டச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வண்டியும் வாங்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம், வண்டி ஓடப் பாதை வேண்டும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த கைக்குழந்தை ஆஸ்பத்திரி சேருமுன்பே இறந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அங்கே முதலில் இல்லாமல் இருந்தது சாலை. வனத்துறை நிலம், ஆகவே அனுமதி கிடைக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சாலை, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய் என்று பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அந்தச் சபையில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். நீளமான சாலைக்கு இந்த ஒரு பிரிவு மட்டும் போதாது. விட்டுப்போன துண்டுப் பாதையை இணைக்க, துணை சுகாதார நிலையத்துக்கு இடம் பிடிக்க, இது நல்ல ஆயுதம். இதற்கு எந்த அறக்கட்டளையின் கையெழுத்தும் வேண்டாம்.

நிதி கேட்டே ஆக வேண்டும் என்றால் பிரசவத்துக்குக் கேளுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. அறை இருந்தும் பெண்கள் ஏன் முன்கூட்டி இறங்குவதில்லை? மேலே இருக்கும் மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது, ஆட்டை யார் பார்ப்பது, கூடத் தங்கும் மாமியாருக்குச் சாப்பாடு எங்கே? ஒரு குடும்பத்துக்குப் பத்து நாள் செலவு என்று கணக்குப் போட்டுக் கேட்டால், ஜீப் விலையில் எத்தனை பிரசவம் பத்திரமாக நடக்கும் என்பது நிதி கொடுப்பவருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் கிராமம் வேலூர் மாவட்டம். கெட்டுப்போன தண்ணீர் வருவது திருப்பத்தூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பக்கமிருந்து. 'உங்கள் மாவட்டம் வேறு' என்று சிஎஸ்ஆர் தர மறுக்கிறார்கள். சரியா?

சரியில்லை. 2019 நவம்பரில்தான் பழைய வேலூர் மூன்றாகப் பிரிந்தது. பாலாறு பிரியவில்லை. கம்பெனிச் சட்டத்தில் சொல்லியிருப்பது தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதுதான். மாவட்ட எல்லை என்ற பேச்சே அதில் இல்லை. அந்த முன்னுரிமைகூடக் கட்டாயம் இல்லை என்று அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. ஆனால் சிஎஸ்ஆர் கடமை எல்லாக் கம்பெனிக்கும் கிடையாது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது தொட்டிருக்க வேண்டும். சிறு தோல் பட்டறைகள் அதில் வராது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு. கழிவுநீரைச் சுத்திகரிப்பது அவர்களின் சட்டக் கடமை. சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவைச் சிஎஸ்ஆர் கணக்கில் எழுதவே முடியாது. தண்ணீரைக் கெடுத்தவர் கேன் தண்ணீர் கொடுத்துவிட்டு நன்றி விழாவும் எதிர்பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கின் பெயரே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குதான். 2025 ஜனவரியிலும் இதே தோல் தொழிற்சாலை விவகாரத்தில் இழப்பீடு பற்றி அந்த நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. உரிமையாக வர வேண்டியதை நன்கொடையாகக் கேட்டு விண்ணப்பம் எழுதாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, தேதியோடு முடிவை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போங்கள். சிஎஸ்ஆரை அதற்கப்பால் உள்ள வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஊர் கிளினிக்குக்கு டாலர் அனுப்பத் தயார். வாங்கலாமா? — காட்பாடி

பிள்ளைகளின் பாஸ்போர்ட் எந்த நாடு? இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் வீட்டுப் பிள்ளையே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலரும் தொடக்கூடாது. பதிவுள்ள இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிப்பறை, காத்திருப்புக் கூடம் கட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில் முடியுமா?

முடியும். மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் பங்குத் தொகை போட்டவரின் தெருவுக்கே வேலை போகும் என்பது இந்தத் திட்டத்தோடு ஒட்டிப் பிறந்த குணம். பணம் புரட்ட முடியாத தெரு கேட்கவே கேட்காது. பங்களிப்பை ஒரே பெரிய மனிதரிடம் வாங்காமல் எல்லாத் தெருவிலும் பத்து, இருபது என்று திரட்டிப் பாருங்கள். கல்வெட்டில் பெயர் போட இடம் போதாது, அதனால் கல்வெட்டே இருக்காது.

புரொபோசல் எழுதித் தருகிறேன், வரும் பணத்தில் பத்து சதவீதம் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

வேண்டாம். அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, உங்கள் ஊர்ப் பெயர் வரும் இடத்திலெல்லாம் பக்கத்து ஊர்ப் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் தெருக்கணக்கு நோட்டிலிருந்து ஒன்றரைப் பக்கம் நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும்.