புது வீடு, வெறும் சுவர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புது அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. சுவரெல்லாம் வெறிச்சென்று இருக்கிறது. படம், கம்பளம், கைவினைப் பொருட்கள் எல்லாவற்றையும் இந்த வாரக் கடைசியிலேயே ஒரே மூச்சில் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாமே. நான் அப்படி ஒரே நாளில் வாங்கிய சுவர்க்கடிகாரம் இன்றும் பரணில்தான் கிடக்கிறது. கடையின் கூரை உயரத்துக்கு எல்லாமே சின்னதாகத் தெரியும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாதிச் சுவரை அடைத்துக்கொள்ளும். முதலில் டேப் எடுத்து சுவர், சோபா, வாசல், லிஃப்ட் கதவு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், வாங்க நினைக்கும் படத்தின் அளவுக்கு ஒரு செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, நான்கு நாள் போகவர அதைப் பாருங்கள். நேர் வெயில் விழும் சுவரில் துணி, காகித வேலைப்பாடு எதுவும் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கும்போது கண்ணுக்கு நேராக வரும். பெரும்பாலான வீடுகளில் அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான் மாட்டியிருக்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

கேள்வி: கையால் செய்ததுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். எப்படி நம்புவது?

பதில்: அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், பொருளைத் திருப்பிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில் முன்பக்கப் பூவேலை பின்பக்கமும் அப்படியே தெரியும், ஓரக் குஞ்சமும் பாவு நூலின் (நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்சியாகவே இருக்கும், தனியாகத் தைத்திருக்காது. பின்னால் துணி ஒட்டி மூடியிருந்தால் அது பெரும்பாலும் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி இறக்கியது. அதுவும் மோசமில்லை, ஆனால் முடிச்சுக் கம்பளத்தின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். பித்தளை என்று சொன்னால் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம், அலுமினியமும்தான் ஒட்டாது, கையில் தூக்கி எடையையும் பாருங்கள். சாயத் துணியா? ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையில் தேய்த்தால் சாயம் நிற்குமா என்று தெரிந்துவிடும். ஒரே மாதிரி இரண்டு மரச்சிற்பங்கள் அச்சில் வார்த்தது போல் துளி வித்தியாசம் இல்லாமல் இருந்தால், மெஷின் வேலையா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆசையாக வாங்கிய மூங்கில் கூடையின் அடியில் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது.

பதில்: உள்ளே வண்டு துளைக்கிறது. குண்டூசி அளவு ஓட்டைகள் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வேலையாக மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். சின்னக் கூடை என்றால் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள், குளிர் முழுக்கப் போகட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.