மேல்மாடி வீட்டில் சந்தேகமாக இருக்கிறது. போலீசுக்குச் சொன்னால் அந்தப் பெண்களையே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். மேல் தளத்து வீட்டில் நான்கைந்து இளம்பெண்கள். பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பகலில் கதவு திறப்பதில்லை, ராத்திரி ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. புகார் செய்தால் அந்தப் பெண்களுக்கே வினையாகிவிடுமோ, போலீஸ், இமிகிரேசன், நலத்துறை எல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்வார்களா, ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

உள்ளே வைக்கவும் கூடும், காப்பாற்றவும் கூடும். எது நடக்கும் என்பது முக்கால்வாசி முதல் ஒரு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. மலாய்க்கும் தமிழுக்கும் நடுவில் உட்காரும் மொழிபெயர்ப்பாளர். காப்பகம், தொண்டு அமைப்பு, சில சமயம் போலீஸ், யார் கூப்பிட்டாலும் போவேன். 2009லிருந்து இதுதான் வேலை. அந்த நாற்காலியிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியும்படி எதுவும் எழுதமாட்டேன். சட்டமும் அதைத் தடுக்கிறது, எனக்கும் மனசு வராது.

முதலில் ஒரு சொல் தகராறு. நம் ஊர்ப் பத்திரிகைகளில் ஆள்கடத்தல் என்றால் பணம் கேட்டு ஆளைத் தூக்குவது. இது அதுவல்ல. விமானத்தில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கியவளும் இதில் அடக்கம். அதனால் மனித வணிகம் என்கிறார்கள். இதற்கு மலேசியாவில் 2007ஆம் ஆண்டு மனித வணிக எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, எண் 670. கோர்ட் வளாகத்தில் எல்லாரும் 'அத்திப்சோம்' என்பார்கள். 2022 திருத்தம் வரைக்கும் அதன் விளக்கம் வற்புறுத்தல் என்கிற ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஏமாற்று, மோசடி, ஒருத்தியின் கையாலாகாத நிலையைப் பயன்படுத்திக்கொள்வது எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இவளே சம்மதித்தாள் என்ற வாதம் செல்லாது என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. பாஸ், அதாவது தங்கும் அனுமதி, முடிந்து தங்கியதற்காகவோ போலி ஆவணத்துக்காகவோ பாதிக்கப்பட்டவள் மேல் வழக்குப் போடக்கூடாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, சட்டப்படி உங்கள் பயத்துக்கு இடமில்லை. நடப்பில் இருக்கிறது.

ரேய்டு நடக்கும் ராத்திரியில் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, இவள் பாதிக்கப்பட்டவளாக இருக்கலாம் என்று எழுதினால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்குவார்கள். 21 நாள். அதற்குள் போலீஸ் ஒரு பக்கம் விசாரிக்கும், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அதிகாரி இன்னொரு பக்கம் விசாரிப்பார். பாதிக்கப்பட்டவள்தான் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி வந்தால் மூன்று மாதம் வரை பாதுகாப்பு உத்தரவு, அவள் காப்பகத்தில் இருப்பாள். அந்தச் சந்தேகமே யாருக்கும் வரவில்லை என்றால் அவள் பாஸ் முடிந்த வெளிநாட்டுக்காரி, அவ்வளவுதான். டிப்போ என்கிற இமிகிரேசன் தடுப்பு முகாம், கேஸ், கப்பல் ஏற்றுவது போல விமானம் ஏற்றுவது.

இந்தப் பெண்கள் ஏன் எப்போதும் பாஸ் முடிந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற பாஸ்போர்ட் வைத்திருக்கும், 30 வயதுக்குக் குறைந்த பெண்ணை வீட்டு வேலைக்கு இந்தியா அனுப்பாது. ஏஜெண்ட் அவளைச் சுற்றுலாப் பயணியாக ஏற்றிவிடுகிறான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமலே வரலாம். முப்பத்தோராம் நாள் அவள் குற்றவாளி. "வெளிய போனா போலீஸ் புடிக்கும்" என்று அவன் மிரட்டுவது பொய்கூட இல்லை. அதுதான் அவனுடைய பூட்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ரேய்டுக்கு மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஆறு பெண்கள். வாக்குமூலம் எல்லாம் ராத்திரியே முடிந்துவிட்டதாம். "வாசித்துக் காட்டிவிடுங்க, கையெழுத்து வாங்கிக்கிறோம்" என்றார் சார்ஜன். ராத்திரி யார் மொழிபெயர்த்தது என்று கேட்டேன். பிடிபட்டவர்களிலேயே ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், இங்கே ரொம்ப நாள் இருந்ததில் மலாய் சரளமாக வருகிறது, நல்ல உதவி என்றார். ஆறு தாளிலும் ஒரே கதை: நானாக வந்தேன், நானாகச் செய்தேன், யாரும் அடிக்கவில்லை.

ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். நான் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்: "அக்கா வெளிய நிக்கிறாங்களா?"

அந்த அக்காதான் கணக்குப் பிள்ளை. சாவி, பாஸ்போர்ட், அடி எல்லாம் அவள் கையில். அவளை வைத்தே ஐந்து பேருடைய வாக்குமூலமும் எடுக்கப்பட்டிருந்தது. சார்ஜன் கெட்டவர் இல்லை. தூக்கமில்லாத மனிதர், அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த பெண் போலீஸ் ஒருவரும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி, உடனே ஐஓவுக்கு, அதாவது விசாரணை அதிகாரிக்கு, போன் போட்டார். எல்லாம் முதலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் 24 மணி நேரத்தில் பாதி அங்கேயே கரைந்துபோனது. முதல் தாளும் ஃபைலை விட்டுப் போகவில்லை.

துறைகளின் ஒருங்கிணைப்பு என்றதும் அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் கூட்டம் போடுவதை நினைக்கிறோம். அதற்கும் ஆள் இருக்கிறது. உள்துறை அமைச்சின் கீழ் 'மாப்போ' என்ற மனித வணிக எதிர்ப்பு மன்றம். சட்டப்படி அமலாக்கம் செய்பவர்கள் போலீஸ், இமிகிரேசன், சுங்கத்துறை, கடல்சார் அமலாக்க நிறுவனம், தொழிலாளர் துறை. போலீசில் இதற்கென்றே புக்கிட் அமான் தலைமையகத்தில் டி3 என்று ஒரு பிரிவு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனித வணிக அறிக்கை 2021இலும் 2022இலும் மலேசியாவைக் கடைசி வரிசையில் தள்ளி, 2024இல் இரண்டாம் வரிசைக்கு ஏற்றியது. அந்த இறக்கத்துக்குப் பிறகு பயிற்சிகள் கூடியதை நானே பார்த்தேன். ஆனால் என் அனுபவத்தில் துறைகள் சந்திக்கிற இடம் கூட்ட அறை இல்லை, அந்தப் பெண்ணின் வாய்ச்சொல்தான். போலீஸ் கேட்கும், நலத்துறை கேட்கும், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார், இமிகிரேசன் கேட்கும், டிபிபி என்கிற அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்பார், இந்தியத் தூதரகம் கேட்கும், கடைசியில் எதிர்த்தரப்பு லோயர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் மொழிபெயர்த்தால் ஒரே பெண் ஏழு பெண்ணாகிவிடுகிறாள்.

மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். "என்னத் தொழிலுக்கு விட்டுட்டாங்க" என்றாள் ஒருத்தி. தமிழ்நாட்டில் அதற்கு ஒரே பொருள்தான், விபச்சாரம். நமக்குத் தொழில் என்றால் வேலை, தொழிற்சங்கம், தொழிற்சாலை. மொழிபெயர்த்த பையன், பாவம் இங்கே பிறந்து வளர்ந்தவன், "சாயா பெகெர்ஜா டி சித்து" என்று எழுதிவிட்டான். நான் அங்கே வேலை செய்தேன். விட்டவர்கள் காணாமல் போய்விட்டார்கள். இன்னொருத்தி, "அடிக்குப் பயந்து ஒத்துக்கிட்டேன்" என்றாள். தாளில் "செத்துஜு". ஒப்புக்கொண்டாளாம். "என் மேல ரெண்டு லட்சம் போட்டிருக்காங்க" என்றாள் மூன்றாவது பெண், அதாவது அவளை வரவழைத்த செலவுக்குக் கடன் கணக்கு. ஒரு தாளில் இரண்டு லட்சம் ரிங்கிட் என்று இருந்தது. ரூபாய் என்று யாரும் போடவில்லை. நம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, அப்போது பத்தாயிரம் சொச்சம்தான். நலத்துறை அறிக்கையில் பத்தாயிரம், போலீஸ் தாளில் இரண்டு லட்சம். இவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு லோயர் சொல்ல வேறென்ன வேண்டும்?

சாட்சியத்தை எல்லாம் அவள் வாயிலேயே தொங்கவிடுவதுதான் பெரிய தப்பு என்பது என் எண்ணம். நல்ல ஐஓக்கள் முதலில் பொருள்களைத் தேடுவார்கள். பாஸ்போர்ட் யாருடைய அலமாரியில் இருந்தது? டிக்கெட் யார் கார்டில் எடுத்தது? ஒரு வழக்கில் எல்லாமே ஒரு 555 நோட்டில் இருந்தது. மளிகைக்கடையில் கடன் எழுதுவோமே, அதே குட்டி நோட்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம், தேதி, எண்ணிக்கை, கடனுக்குக் கழித்த பணம் "பிடித்தது" என்று ஒரு வரிசை. தமிழில் எழுதியிருந்ததால் ரேய்டு போனவர்கள் சமையல் கணக்கு என்று நினைத்து அங்கேயே விட்டுவிடப் பார்த்தார்கள். அந்த நோட்டுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அழுது நிரூபிக்க வேண்டியதில்லை.

போன் விஷயம் வேறு மாதிரி. அதில்தான் ஏஜெண்டின் வாட்ஸ்அப் குரல் செய்திகள், மிரட்டல் எல்லாம் இருக்கும். போலீசுக்கு அது சான்றுப் பொருள், பையில் போட்டு முத்திரை வைப்பார்கள். அவளுக்கு அது ஊரிலிருக்கும் பிள்ளையின் குரல். காப்பகத்தில் ஒரு பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. விசாரித்தால், அம்மா நம்பர் போனுக்குள்தான் இருக்கிறது, மனப்பாடமாகத் தெரியாது. தான் அம்மாவிடம் பேசாமல் இருந்தால் ஏஜெண்ட் வீட்டுக்குப் போய்விடுவான் என்று பயம். நலத்துறை அதிகாரி ஐஓவைக் கூப்பிட்டார். அவர் போனில் நம்பரைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினார். ஐந்து நிமிஷ வேலை. அந்தத் துண்டுக் காகிதம் வந்த பிறகுதான் அவள் முழுதாகப் பேசினாள். ஆதரவு வேறு, சான்று வேறு என்று இரண்டு ஃபைலாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

காப்பகத்தைப் பற்றி மெச்சி எழுத எனக்கு வரவில்லை. சாப்பாடு உண்டு, அடி இல்லை, டாக்டர் உண்டு. ஆனால் கேட் பூட்டியிருக்கும். "இதுவும் ஜெயிலுதானக்கா?" என்று கேட்காத பெண் குறைவு. வெளியே போய்வரவும் வேலை செய்யவும் அனுமதி தரலாம் என்று 2015 திருத்தத்திலேயே வந்துவிட்டது. நான் பார்த்த பெண்களில் அது கிடைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தெனகானித்தா போன்ற அமைப்புகள் இதற்காகப் பல வருஷமாகக் குரல் கொடுக்கின்றன. பூட்டிய கேட்டுக்குள் இருக்கிறவளுக்கு ஒரே ஆசைதான்: ஊருக்குப் போக வேண்டும். வழக்கோ வருஷக்கணக்கில் போகும். அதனால்தான் அவள் போவதற்கு முன்பே மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து சாட்சியத்தைப் பதிவு செய்ய 52ஆம் பிரிவில் வழி இருக்கிறது. டிபிபி ஆரம்பத்திலிருந்தே ஃபைலைப் பார்த்திருந்தால் அது சரியான நேரத்தில் நடக்கும். இல்லையென்றால் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது சாட்சி விழுப்புரம் பக்கம் எங்கேயோ இருப்பாள். சிறுமி என்றால் கொஞ்சம் பரவாயில்லை. திரைக்குப் பின்னாலோ நேரலைக் காணொளியிலோ பேச 2007இன் சிறார் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது.

நம் ஆட்களின் நல்ல மனசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தப்பித்து ஓடிவந்த பெண்ணைக் கோயிலில் வைத்து, ஆளுக்குப் பத்து இருபது வெள்ளி போட்டு, அபராதத்தைக் கட்டி விமானம் ஏற்றிவிடுவார்கள். 2024இல் நாடு திரும்பும் திட்டத்தில் 500 வெள்ளி கட்டினால் போகலாம் என்றிருந்தது. தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை, அவள் கேட்பதும் அதைத்தானே. ஆனால் அடுத்த மாதம் அதே வீட்டில் வேறு ஐந்து பேர் இருப்பார்கள். அனுப்புவதற்கு முன் ஒரு அமைப்பிடமாவது கூட்டிப்போய், இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, இழப்பீடுகூடக் கேட்கலாம் என்று அவள் காதில் போடுங்கள். அப்புறம் அவள் இஷ்டம்.

சரி, உங்கள் மாடி. நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். பிள்ளைகளைப் படம் பிடித்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், வேனோட்டியும் அதில் இருக்கலாம். எந்த வீடு, வேன் நம்பர், வருகிற நேரம், யார் சாமான் வாங்கி வருகிறார்கள், இவற்றைக் குறித்து வையுங்கள். தாலியான் காசே என்கிற அரசு உதவித் தொலைபேசி 15999, எந்த நேரமும் எடுப்பார்கள், நலத்துறை பக்கம் அங்கிருந்தே தெரிந்துவிடும். அவசரம் என்றால் 999. பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் செய்தால், சிகப்பு விளக்கு, விபச்சாரம் என்று மட்டும் எழுதவிடாதீர்கள். இந்தப் பெண்களை அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே இரண்டு வரி: இவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், தமிழ் பேசும் பெண் ஒருவர் வேண்டும், உள்ளே பிடிபடுகிற யாரையும் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். எழுதியபின் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.